ஞாயிற்றுக்கிழமைச் சூடு

லென்சன் வீட்டுக் கன்று செத்ததற்கு நான் காரணமில்லை. அன்றைக்கு அந்தத் தொழுவத்துக்குள் நான் காலே வைக்கவில்லை. வைக்க விடவில்லை என்பதுதான் சரி. அவருடைய பசுக்களுக்குப் பல வருடமாக நான்தான் டாக்டர். கால் மடங்கி உள்ளேயே சிக்கிக்கொண்ட கன்றுகளை இந்தக் கையை விட்டுத் திருப்பி உயிரோடு வெளியே எடுத்திருக்கிறேன், அதுவும் அவர் கண் முன்னாலேயே. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவர் மலைக்கு அந்தப் பக்கத்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ஆள் மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்து சேர்வதற்குள் கன்று போய்விட்டது. நடந்தே போகிற தூரத்தில் நான் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பால் வண்டி நிற்கிற இடத்தில் அவரைப் பிடித்துக் கேட்டேன். "என்னை ஏன் கூப்பிடல?"

லென்சன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணுமில்ல டாக்டரம்மா. சனிக்கிழமைப் பந்தயத்துல கியர் போடுறப்ப உங்க கை தவறிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. தலைச்சன் கன்னு வேற. கை தவறுற நேரமா இருந்துட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சேன்."

"கார் கியருக்கும் உங்க மாட்டு வயித்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"கை ஒண்ணுதானே டாக்டரம்மா," என்றார் அவர், ரொம்ப நியாயமானதைச் சொல்லிவிட்டது போல.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தொப்பியைப் பிடுங்கிச் சாணத்தில் போட்டு மிதித்திருப்பேன். பால் வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் ஜெர்மனியின் ஐஃபெல் மலையில், ரிங் என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பந்தயப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒரு மாதா கோயில், ஒரு பீர்க்கடை, ஒரு மோட்டார் சங்கம். சங்கத்துக்கு ஒரே ஒரு கார். சிவப்பு, இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். யார் எப்போது என்ன கியர் போட்டார்கள் என்று பதிந்து வைக்கிற கருவி எதுவும் அதில் கிடையாது. சங்கத்தில் பந்தயத்தில் ஓட்டும் உரிமம் உள்ளவர்கள் இரண்டே பேர்: தலைவர் எகோன், அப்புறம் நான். எகோன் கூரை போடும் தொழில் செய்கிறவர். ஊரில் பாதி வீடுகள் நனையாமல் இருப்பது அவரால்தான். கார் நிற்பது அவர் வீட்டுக் களஞ்சியத்தில். அதனால் அது சங்கத்தின் கார் என்று சொல்வதெல்லாம் பேச்சுக்குத்தான்.

ஏப்ரலில் ஒரு பந்தயம் ஓட்டினோம். மே மாதப் பந்தயத்தை மூடுபனி விழுங்கிவிட்டது, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை என்று ரத்து செய்துவிட்டார்கள். ஜூனில் பந்தயமே இல்லை. ஆக, ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கார் சாலையைப் பார்த்தது ஜூலையில்தான். அதாவது கன்று சாவதற்கு முந்தின சனிக்கிழமை.

ஜூலை என்று பெயர்தான். காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே எகோன் காரைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே உறும விட்டிருந்தார். சுற்றி நாலு பேர், கையில் காப்பிக் கோப்பையோடு, பிறந்த குழந்தையைப் பார்க்கிற முகத்தோடு.

"தொண்ணூறு," என்றார் எகோன், தண்ணீர் வெப்பம் காட்டுகிற முள்ளைத் தட்டி. "சூடாயிடுச்சு. ஏறு, போ."

நான் பக்கத்து முள்ளைப் பார்த்தேன். ஆயிலுடைய முள். அது அடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"தண்ணிதான் தலைவரே சூடாயிருக்கு. ஆயில் இன்னும் தூங்குது."

"தண்ணி தொண்ணூறுன்னா என்ஜின் தொண்ணூறு. எனக்குப் பாடம் எடுக்காத, தெக்லா. ஏறு."

தண்ணீர் கொஞ்சம்தான், சீக்கிரம் சூடாகும். ஆயில் கெட்டி, அது தன் பாட்டுக்குத்தான் சூடாகும். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் அதற்குச் சூடே ஏறாது. மெதுவாக ஓட்டித்தான் ஏற்ற வேண்டும். ஆயில் எண்பதைத் தொடுகிறவரை நான் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்க மாட்டேன். முதல் சுற்று முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். கண்டவனெல்லாம் என்னைத் தாண்டிப் போனான். சுற்று முடிந்து எங்கள் ஆட்களைக் கடந்தபோது எகோன் தடுப்புச் சுவரின் மேல் ஏறி நின்று, பால் கறப்பது போல இரண்டு கையாலும் சைகை காட்டினார். மாட்டு டாக்டர் மாட்டு வண்டி ஓட்டுகிறாளாம்.

இரண்டாம் சுற்றில் ஆயில் எண்பதைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் அழுத்தினேன். கடைசியில் வருகிற அந்த நீண்ட நேர்ச் சாலையில், ஐந்தாம் கியரில், கையைக் கியர்க் கம்பியில் வைக்கக்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சுத்தியல் அடிப்பது போலச் சத்தம் கேட்டது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் சரிந்தது. உடனே அணைத்துப் புல்லில் உருட்டி நிறுத்தினேன். அங்கே பார்க்க ஒருத்தரும் இல்லை. ரிங் ரொம்ப நீளம். முக்கால்வாசி இடம் காடுதான்.

இழுவை வண்டியில் காரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எகோன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரெண்டாம் கியர் போட்டுட்டா."

ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கும்போது கை தவறி இரண்டில் விழுந்தால் என்ஜின் தாங்க முடியாத வேகத்தில் சுற்றி உடைந்து போகும். நடக்கிற தப்புதான். யாருக்கும் நடக்கும். அதனால்தான் எல்லோரும் உடனே நம்பினார்கள். நான் இல்லை என்றேன். இல்லை என்று சொல்கிறவர்கள்தான் போட்டிருப்பார்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் எனக்கு 'ரெண்டாம் கியர் தெக்லா' என்று பெயர் வந்துவிட்டது. ரொட்டிக் கடையில் ஒருத்தி, "எத்தனை ரொட்டி, ரெண்டா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ஒரு கன்று செத்தது.

சிரிப்பதெல்லாம் சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் என் கையைப் பற்றிப் பேசக்கூடாது. என் பிழைப்பே இந்தக் கை. இருட்டில், கண் காணாத இடத்தில், தொட்டே தெரிந்துகொள்கிற கை. அது தவறும் என்று ஒரு பண்ணைக்காரன் நினைத்துவிட்டால் அடுத்தவனும் நினைப்பான்.

பால் வண்டி போன கையோடு நேராக எகோன் வீட்டுக்குப் போனேன். அவர் எங்கோ கூரை மேல் இருந்தார். அவர் மனைவி கிஸெலா களஞ்சியக் கதவைத் திறந்துவிட்டாள். என்ஜினைக் காரிலிருந்து இறக்கித் தாங்கியில் நிறுத்தி, அடிப்பக்கத்தைப் பிரித்திருந்தான் ஹூபர்ட். அவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். டிராக்டர் கடையில் மெக்கானிக், சங்கத்துக்கும் அவன்தான் மெக்கானிக். என்ஜினில் சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் எல்லாம் தேய்ந்து செம்பு தெரிகிறது என்று ஞாயிற்றுக்கிழமையே எனக்குச் சொல்லியிருந்தான். கியர் தப்பினால் இப்படித் தேயுமா என்று கேட்டதற்கு, "பல விதமா ஆகும்" என்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

வடித்த ஆயில் ஒரு தொட்டியில் கிடந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்பே இல்லை, கழுவின தண்ணீர் மாதிரி ஓடியது. மோந்து பார்த்தேன். பெட்ரோல். மூக்கில் குத்துகிற பெட்ரோல்.

ஆயில் ஊற்றுகிற குழாய் மேலே, என்ஜினை விட்டுத் தள்ளி, நீளமாக நிற்கும். சூடு அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும். அதன் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே மயோனைஸ்.

மயோனைஸ் என்றுதான் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர். மஞ்சள் வெள்ளையாக, கெட்டியாக, ஆயிலும் தண்ணீரும் அடித்துக் கலந்த நுரைப் பசை. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் உறும விட்டு, முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்து, மறுபடி கிளப்பி மறுபடி அணைத்தால் அப்படி ஆகும். உள்ளே வேர்க்கிற ஈரம் வெளியேறாது. எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப் போகச் செய்யும். நீர்த்த ஆயில் வழுக்காது, பேரிங் உரசித் தேயும். நெடுந்தூரம் ஓட்டிச் சூடேற்றினால் எல்லாம் ஆவியாகிப் போய்விடும். ஓட்டாவிட்டால் சேர்ந்துகொண்டே இருக்கும்.

"என்ன பாக்குற?" என்று கேட்டாள் கிஸெலா, வாசலில் நின்றபடி.

"இந்தக் காரை ஏப்ரலுக்கு அப்புறம் யாராவது வெளிய ஓட்டினாங்களா?"

"எங்க ஓட்டினாங்க. அதான் ஞாயித்துக்கிழமையானா வாசல்ல நிறுத்திக்கிட்டு ஊரைக் கூட்டுறாரே. என் சமையக்கட்டு ஜன்னல் நேரா அந்தப் புகைக்குழாய்க்குப் பின்னாடி. கறி பொரியிற வாசனையே எனக்கு மறந்துபோச்சு. எல்லாம் பெட்ரோல்தான்."

எனக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூத்து. பூசை முடிந்ததும் ஆண்களெல்லாம் எதிர்க் கடையில் பீரை வாங்கிக்கொண்டு எகோன் வாசலில் கூடுவார்கள். அவர் காரைக் களஞ்சியத்திலிருந்து பாதி வெளியே இழுத்து, கிளப்பி, சூடு பண்ணுவார். தண்ணீர் முள் தொண்ணூறைத் தொட்டதும் மூன்று முறை உறும விடுவார். நாய்களெல்லாம் குரைக்கும். எல்லோரும் கிளாஸைத் தூக்குவார்கள். அணைத்து உள்ளே தள்ளிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். வாரா வாரம். தப்பாமல். ஞாயிற்றுக்கிழமையில் நான் அநேகமாக ஏதாவது தொழுவத்தில் இருப்பேன். வயல் தாண்டிச் சத்தம் மட்டும் வரும். "ஓட்டுறதா இருந்தா ஓட்டுங்க, இல்லன்னா சும்மா விட்டுடுங்க" என்று ஒரு தடவை அவரிடம் சொன்னேன். "நீ மாட்டுக்கு வைத்தியம் பாரு" என்றார்.

அந்த மூடியைப் பசையோடு அப்படியே, மாட்டுக்கு உள்ளே கையை நுழைக்கும்போது போடுகிற நீளக் கையுறையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பீர்க்கடையின் பின் அறையில் சங்கக் கூட்டம். கார் ஓட்டுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுப்பதுதான் விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல ஆளுக்கொரு தட்டு: வறுத்த உருளைக்கிழங்கு, தொத்திறைச்சி, ஓரத்தில் தொட்டுக்கொள்ள நிஜ மயோனைஸ். லென்சனும் இருந்தார். அவரும் சங்க உறுப்பினர்தான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

எகோன் எழுந்து நின்றார். "யாரையும் குத்தம் சொல்றதுக்கு நாம இங்க கூடல. ஆனா நடந்தது நடந்துபோச்சு. தெக்லா நல்ல பொண்ணு, நல்ல டாக்டர். ஒரு நொடி கை தவறிடுச்சு. கொஞ்ச காலம் அவ ஓய்வெடுத்துக்கட்டும்னு..."

"என் கை தவறல," என்றேன்.

"சரிம்மா, தவறல. கியர் தவறிடுச்சு."

அறை முழுக்கச் சிரித்தது. லென்சன் மேசையைத் தட்டிச் சிரித்தார். கன்று செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"நான் அஞ்சாவதுல இருந்தேன் தலைவரே. கியர் கம்பியையே தொடல. அந்த என்ஜினைக் கொன்னது நான் இல்ல."

"அப்ப யாரு? நானா?" எகோன் கையை விரித்தார். "இங்க இருக்கிற எல்லாரையும் கேளு. என் பொண்டாட்டியைக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்ல. மழையா, பனியா, ஒரு ஞாயித்துக்கிழமை விட்டிருப்பேனா? வாரா வாரம் கிளப்பி, தொண்ணூறு வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னு, கண்ணும் கருத்துமா சூடு பண்ணி வெச்சிருக்கேன். கேளு எல்லாரையும்."

"கேக்க வேண்டாம். நீங்களே சொல்லிட்டீங்க."

பையிலிருந்து கையுறையை எடுத்தேன். தோள் வரைக்கும் வருகிற கையுறை. அதைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது எங்கே போய்வரும் சமாச்சாரம் என்று எல்லோருக்கும் தெரியும், பக்கத்தில் இருந்தவர்கள் தட்டை நகர்த்திக்கொண்டார்கள். மூடியை எடுத்து எகோன் தட்டில், அவருடைய மயோனைஸுக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்தேன்.

"எது எதுன்னு பாத்துச் சாப்பிடுங்க தலைவரே."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது என்னவென்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. பந்தயப் பாதைக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள்.

எகோன் முகம் சிவந்தது. ஆனால் வாய் ஓயவில்லை. "மயோனைஸ்னா ஹெட் காஸ்கெட் போயிருக்கு. தண்ணி ஆயில்ல கலந்திருக்கு. நீ அளவுக்கு மீறிச் சுத்த விட்டதுலதான் போயிருக்கும்."

நான் ஹூபர்ட் பக்கம் திரும்பினேன். அவன் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து, எதையும் தொட்டுக்கொள்ளாமல், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஹூபர்ட், என்ஜினைப் பிரிச்சது நீ. ஹெட் காஸ்கெட் போயிருக்கா?"

அவன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய். உன்னைத்தான் கேக்குறேன்."

"காஸ்கெட் நல்லாத்தான் இருக்கு," என்றான் மெல்ல. "தண்ணி ஒரு சொட்டுக் குறையல."

"ஆயில்ல பெட்ரோல் நாத்தம் அடிக்குதா இல்லையா?"

"அடிக்குது."

"இந்த மூடியை நீ இதுக்கு முன்னாடி திறந்து பாத்திருக்கியா?"

அவன் அந்தத் துண்டைத் தட்டில் வைத்தான். "ஜூன் மாசம் பாத்தேன். அப்பவே இருந்துச்சு."

"என்ன பண்ணின?"

"துடைச்சேன்."

அதை அவன் சொன்னபோது எனக்கு எகோன் மேலிருந்த கோபம்கூடச் சின்னதாகிவிட்டது. அவருக்குத் தெரியாது. தெரியாமல், ஆசையாக, அந்த என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றார். இவனுக்குத் தெரியும். துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஆயிலாவது மாற்றியிருக்கலாம். ஒரு பந்தயம்தானே ஓடியிருக்கிறது, எதற்கு என்று எகோன் சொல்லியிருப்பார், இவனும் தலையை ஆட்டியிருப்பான். அந்த நீர்த்துப்போன ஆயிலோடு என்னை உள்ளே உட்காரவைத்து அனுப்பினான். நான் ஒரு சுற்று முழுக்கப் பொறுத்துப் பொறுத்து ஓட்டியதெல்லாம், செத்துக்கொண்டிருந்த மாட்டுக்குச் சுக்குப்பொடி கொடுத்த மாதிரி.

"ஏண்டா சொல்லல?"

"எப்படிச் சொல்றது தெக்லா? ஞாயித்துக்கிழமை நானும்தான் அங்க நிக்கிறேன். கையில பீரோட. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அதைப் போய்..."

"என் பேரு நாறினப்ப? அப்பவும் எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் தங்கள் பீரைப் பார்த்தார்கள். அந்த வாசலில் நின்று கிளாஸைத் தூக்காத ஆள் அந்த அறையில் ஒருத்தன்கூட இல்லை.

எகோன் தொண்டையைச் செருமினார். குரல் இப்போது தேன். "சரி. விடுங்க. இயந்திரம்தானே, என்னைக்காவது ஒருநாள் போகத்தான் செய்யும். யாரு மேலயும் தப்பு இல்லன்னு வெச்சுக்குவோம். தெக்லாவும் முன்ன மாதிரியே ஓட்டட்டும். என்ன சொல்றீங்க?"

தலைகள் ஆடின. எல்லோருக்கும் நிம்மதி. யாரோ இன்னொரு சுற்று பீர் சொல்லக் கையைத் தூக்கினார்கள்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"என் மேல இருந்தப்ப அது தப்பு. உங்க மேல வந்ததும் யாரு மேலயும் தப்பில்ல. நல்லா இருக்கு தலைவரே உங்க நியாயம். என் பேரை ஊர் முழுக்கக் கெடுத்தீங்க. அதை நம்பி ஒரு கன்னைச் சாகவிட்டுட்டு இந்த மனுஷன் இங்க உக்காந்து மேசையைத் தட்டிச் சிரிக்கிறான். இந்த நாலு சுவத்துக்குள்ள விடுங்கன்னு சொன்னா விட்டுடணுமா? நீங்க எங்க நின்னு ஊரைக் கூட்டுவீங்களோ அங்க நின்னு சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை. உங்க வாசல்ல. தெக்லாவோட கை தவறலன்னு."

"அதெல்லாம் என்ன சின்னப் பிள்ளைத்தனம்," என்றார் எகோன். "நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் அந்த என்ஜினைத் தொட மாட்டேன்," என்றான் ஹூபர்ட்.

அவன் எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. தட்டைப் பார்த்தே சொன்னான். "பேரிங் மாத்த மாட்டேன். ஒரு திருகு பூட்ட மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க தலைவரே."

வேறு ஆள் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். இலவசமாகச் செய்கிற வேறு ஆள், எங்கள் ஊரில் என்ன, மலைக்கு அந்தப் பக்கமும் கிடையாது. நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. எகோன் தட்டிலிருந்து மூடியை எடுத்துக் கையுறையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு காய்ச்சல், ஒரு குளம்பு வெட்டு, ஒன்றுமில்லை. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தார்களோ, வெட்கமோ, தெரியாது. எனக்கு ஆறவில்லை. சமைக்கும்போதுகூட எகோனோடு சண்டை போட்டுக்கொண்டே சமைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பழக்க தோஷம். கையில் பீர். களஞ்சியக் கதவு திறந்திருந்தது, உள்ளே என்ஜின் இல்லாத கார், முன்பக்கம் தூக்கி நின்றது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஒருத்தன் இன்னொருத்தனிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது: "நம்ம ஞாயித்துக்கிழமையையும் இவ கெடுத்துட்டா பாரு." நான் நேராகப் போய் அவர்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் ஹூபர்ட்தான் முன்னால் வந்தான். "ஜூன் மாசமே மூடிக்குள்ள மயோனைஸைப் பாத்தேன். துடைச்சுட்டு யாருகிட்டயும் சொல்லல. தெக்லாவோட கை தவறல." சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றான்.

எகோன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டார், எடுத்தார். கதவுக்குப் பின்னால் கிஸெலா நின்றாள். சமையலறையிலிருந்து கறி பொரியும் வாசனை வந்தது. அந்த வாசலில் அப்படி ஒரு வாசனை வந்து பல காலம் இருக்கும்.

"தெக்லா கை தவறல," என்றார் எகோன், தரையைப் பார்த்து.

"கேக்கல தலைவரே," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். லென்சன்தான். கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளித்தார். "ஞாயித்துக்கிழமைன்னா உங்க வாசல் சத்தம் என் தொழுவம் வரைக்கும் கேக்குமே. கொஞ்சம் ஏத்துங்க."

கூட்டம் சிரித்தது. காலியான ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்ட சிரிப்பு. எகோனின் கழுத்து சிவந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"தெக்லாவோட கை தவறல," என்று உரக்கச் சொன்னார். எதிர்க் கடை வரைக்கும் கேட்டிருக்கும். "நின்ன இடத்துலயே சூடு பண்ணிச் சூடு பண்ணி நான்தான் கெடுத்தேன். போதுமா?"

நாய் ஒன்று குரைத்தது. லென்சன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் திரும்பினார்.

"எங்க போறீங்க லென்சன்?" என்றேன். "அடுத்தது நீங்க."

சிரிப்பு நின்றது. அவர் கிளாஸோடு அப்படியே நின்றார். "நானா? நான் என்ன சொன்னேன் டாக்டரம்மா? எல்லாரும் சொன்னாங்க, நானும்..."

"எல்லாரும் சொன்னதை எல்லாரும்தான் திரும்ப எடுக்கணும். ஒவ்வொருத்தரா வாங்க. எனக்கு அவசரம் இல்ல."

கிஸெலா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலின் நடுவே போட்டாள். நான் அதில் உட்கார்ந்தேன். லென்சன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், பீர் சூடாகிக்கொண்டிருக்க, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாடு எல்லா வீட்டிலும் ஆறிப்போய்விட்டது.